போர்த்தக் கூடாத பெட்டி

கடைசித் திருகு மட்டும் வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. அவசரத்துக்குத் திருப்புளி எங்கே அகப்படுகிறது? சமையலறையிலிருந்து எடுத்து வந்த பழம் நறுக்கும் கத்தியின் முனையைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தாள் ஹமீதுன்னிசா. அவளுக்குப் பின்னால், கையெட்டும் தூரத்துக் கட்டிலில், உம்மா குளித்து முடித்து, வெள்ளைக் கபன் துணி உடுத்தி, முகத்தை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"என்னடி செய்யிற?" அந்துவானேத் குனிந்து காதோடு கேட்டாள். "பெத்தவ போய்க் கெடக்குறா, நீ ரிப்பேர் கடை போட்டு ஒக்காந்திருக்க?"

"சூடு தாந்த். உள்ள வெந்து போயிக் கெடக்கு. தொறந்து விட்டாத்தான் இனிமே ஓடும்."

அந்துவானேத் பாண்டிச்சேரி கிறிஸ்தவக் குடும்பம். பக்கத்து வீடு. உம்மா கல்யாணமாகி சைகோனுக்கு வந்த நாளிலிருந்து தோழி. பிரெஞ்சில் அத்தையைக் கூப்பிடுகிறபடி 'தாந்த்' என்று கூப்பிட்டுப் பழகிப் போனது. தமிழில் திட்டத் தொடங்கி, பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு, வியட்நாமியத்தில் முடிப்பாள். அவள் வாய்க்குப் பயந்துதான் அந்தச் சந்தில் நாய் கூடக் குரைப்பதில்லை என்பாள் உம்மா.

திருகு வந்துவிட்டது. கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினாள். உள்ளிருந்து அடுப்படிச் சூடு முகத்தில் அடித்தது. முன்பக்கத்தில் காற்று இழுக்க வேண்டிய சின்ன விசிறியைத் தூசி பஞ்சாக அப்பிப் பிடித்திருந்தது. தூசிக்குள் பச்சைப் பச்சையாய் நூல் இழைகள். ஹார்ட் டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்தவள் உடனே எடுத்துக்கொண்டாள். கை தாங்கவில்லை.

"யா அல்லா, உம்மா," என்றாள், திரும்பிப் பார்க்காமலே. "என்னா செஞ்சு வச்சிருக்கீங்க இத!"

உம்மா பதில் சொல்லவில்லை. நேற்றாக இருந்தால் ஒன்பது பதில் சொல்லியிருப்பாள்.

நேற்று வரை நன்றாகத்தான் இருந்தாள் உம்மா மதார் பீவி. விடியற்காலை பஜர் தொழுதுவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி, ஊசி, ஓட்டம் எதுவும் இல்லாத சாவு. "கொடுத்து வச்சவ, யாருக்கும் தொந்தரவு இல்ல," என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஹமீதுன்னிசாவுக்கு அதைக் கேட்கக் கேட்க எரிந்தது. கொஞ்சம் தொந்தரவு கொடுத்துவிட்டுப் போயிருந்தால்தான் என்ன?

அவசர அவசரமாகக் காரியங்கள் நடந்தன. நகரின் மறுகோடியிலிருக்கும் தூ டுக்கிலிருந்து ஹமீதுன்னிசா வந்தாள். பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில் தொழிற்சாலை மேற்பார்வையாளனாக இருக்கும் தம்பி சேக் மோட்டார் சைக்கிளில் வந்தான். பள்ளிவாசல் பக்கத்துச் சாம் இனத்து முஸ்லிம் பெண்கள் இருவர் குளிப்பாட்ட வந்தார்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்கு டோங் டு பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய், ஜனாஸா தொழுது, பொழுது சாய்வதற்குள் அடக்கிவிட வேண்டும் என்று பள்ளியின் மீரா சாகிப் மாமா ஏற்பாடு செய்துவிட்டார். எல்லாம் முறையாக நடந்தது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. சைனம்பு சாச்சி முகம் பார்க்க வேண்டும்.

சைனம்பு உம்மாவின் ஒரே தங்கை. காரைக்காலில் இருக்கிறாள். உம்மாவை மணக்கோலத்தில் கப்பல் ஏற்றிவிட்டபோது பாவாடை கட்டிய சிறுமி. அக்காள் பின்னால் ஓடி வந்து துறைமுகத்தில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டவள். அப்புறம் போர் முடிந்து சைகோன் கைமாறியது. ஜவுளிக்கடைக்காரர்களும் வட்டிக்கடைக்காரர்களும் கிடைத்த விமானத்தில் ஏறினார்கள். வாப்பாவின் தாய் இந்த ஊர்க்காரி, அவளை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று வாப்பா இருந்து, இந்த மண்ணிலேயே அடங்கியும் போனார். முதலில் போக வழி இல்லை. வழி வந்தபோது காகிதம் இல்லை. காகிதம் வந்தபோது உம்மாவின் முழங்கால் சம்மதிக்கவில்லை, சாச்சிக்கு இருதயக் கோளாறு. அக்காளும் தங்கையும் ஒருவரை ஒருவர் தொடவே இல்லை.

பிறகுதான் இந்தக் கம்ப்யூட்டர் வந்தது. ஹமீதுன்னிசா தன் சம்பளத்தில் வாங்கி, திரைச் சட்டத்துக்கு மேல் ஒரு குட்டிக் காமிராவை மாட்டி, சாச்சியின் பேரனைக் காரைக்காலில் ஒன்று வாங்க வைத்து, முதல்முறை இரண்டு கிழவிகளையும் எதிரெதிரே உட்கார்த்தினாள். இருவரும் மாறி மாறி அழுதார்கள். கடைசியில் உம்மா, "என்னாடி, மூக்குத்தியக் காணோம்?" என்றாள். அன்றைக்குத் தொடங்கிய பேச்சு நேற்று இரவு வரை ஓயவில்லை.

சுறாப்புட்டு, மருமகள், மழை, மாத்திரை என்று பேச்சு எங்கே போனாலும் கடைசியில் ஒன்று வரும். "யார் முந்திப் போனாலும் மத்தவ மூஞ்சியப் பாத்துடணும். கபன் கட்டுறதுக்கு மின்னாடி. சத்தியம் பண்ணு." "சத்தியம்டி. பொட்டி மேல சத்தியம்." இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஹமீதுன்னிசாவுக்குக் கேட்கவே பிடிக்காது.

இன்று சத்தியம் அவள் தலையில் வந்து விழுந்தது. அந்த வருஷம் மழை தாமதம். அணையில் தண்ணீர் இல்லை என்று வட்டாரம் வட்டாரமாக முறை வைத்து மின்சாரத்தை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். இன்று இந்தச் சந்தின் முறை. சந்து முனைக் காப்பிக் கடைக்காரன், கேட்காமலே, தன் குட்டி ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனான். நல்ல மனுஷன். ஆனால் அதற்கு வக்கு அவ்வளவுதான். கம்ப்யூட்டர், இணைய மோடம், ஒரு ஃபேன். ஒரு பல்பு கூடுதலாகப் போட்டாலும் இருமி நின்றுவிடும். ஹமீதுன்னிசாவின் மடிக்கணினியோ ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை திறக்க ஆள் இல்லை. "போட்டோ புடிச்சு அனுப்பிடலாமே," என்று சேக் சொன்னதற்கு மீரா சாகிப் மாமா காதைப் பொத்திக்கொண்டார். மையத்தை, இறந்த உடம்பை, போட்டோ எடுப்பதா? நேருக்கு நேர் பார்க்கட்டும், அதுவும் சாச்சி இருக்கும் அறையில் ஆண்கள் யாரும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவரால் இறங்கி வர முடிந்தது.

மூன்று முறை கூப்பிட்டாகிவிட்டது. மூன்று முறையும் சாச்சியின் முகம் திரையில் வந்து, "லாத்தா..." என்று அக்காளைக் கூப்பிட வாயைத் திறக்கும்போது அப்படியே உறைந்து, திரை கறுத்துப் போனது.

ஏன் என்று ஹமீதுன்னிசாவுக்குத் தெரியாதா? தூ டுக்கில் அவள் வேலையே அதுதான். ஆயிரக்கணக்கான ஹார்ட் டிஸ்க்குகள் அலமாரி அலமாரியாக ஓடும் குளிர்ந்த அறைக்குக் காவல். நாற்பத்தைந்து டிகிரி வரை அதற்கு ஒன்றும் செய்யாது. ஐம்பதைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். அறுபதை நெருங்கினால் படித்ததை மறந்து, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். ஊருக்கெல்லாம் காற்று விட்டாள், உம்மா வீட்டுப் பெட்டிக்கு விட முடியவில்லை. காரணம் அந்தப் பச்சைத் துணி.

சாச்சி அனுப்பிய துணி அது. நாகூர் தர்காக் கடையில் வாங்கி, சரிகைக் கரை வைத்துத் தைத்து, வந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பிய வெல்வெட்டுப் போர்வை. உம்மா அதை எங்கே போடுவாள்? சைனம்பு வருகிற பெட்டியின் மேல்தான் போட்டாள். பேசி முடித்த கையோடு தலை முதல் கால் வரை இழுத்துப் போர்த்தி, இரண்டு முனைகளையும் பெட்டிக்கு அடியில் செருகிவிடுவாள். அணைக்கவும் மாட்டாள். அணைப்பது தங்கை முகத்தில் கதவைச் சாத்துவது போலாம். அவள் நடுவில் கூப்பிட்டால்? ஆக, பெட்டி பகலும் இரவும் ஓடும், போர்வைக்குள்ளேயே.

"உம்மா, அத எடுங்க. உள்ள சூடாவுது. கெட்டுப் போயிடும்."

"சுடுதுதான். தொட்டுப் பாத்தேன்," என்பாள் உம்மா, விட்டுக்கொடுக்காமல். "ஒடம்பு சுட்டா போத்துவாங்களா, தொறந்து போடுவாங்களா? எந்தப் பள்ளிக்கொடத்துல படிச்சே நீ?"

"அது காச்ச இல்லம்மா!"

"சரிதான் போ. ஆயிரம் பொட்டிக்கு ஏசி போட்டு வக்கிறே. எம் பொட்டிக்கு நா ஒரு துணி போத்தப்படாது!"

இவள் வாராவாரம் வந்து எடுத்து மடித்து வைப்பாள். இவள் படியிறங்கியதும் துணி மறுபடி ஏறிவிடும். பிடித்த முயலுக்கு மூன்றே கால். இத்தனைக்கும் மதார் பீவிக்குப் புழுக்கம் ஆகவே ஆகாது. சாப்பிடும்போதும் ஃபேன், தஸ்பீஹ் மணி உருட்டும்போதும் ஃபேன். "தனக்கு ஃபேனு, பொட்டிக்குப் போர்வை," என்று அந்துவானேத் கேலி செய்வாள்.

இப்போது அந்த ஒரே ஃபேன் காலையிலிருந்து உம்மாவின் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஹமீதுன்னிசா எழுந்தாள். ஃபேனைத் தூக்கி, திறந்து கிடந்த பெட்டிக்கு நேரே வைத்தாள்.

வாசலில் நின்ற சேக் இரண்டே எட்டில் உள்ளே வந்தான். "லாத்தா! என்னா இது? உம்மாவுக்குக் காத்து இல்லாம, அந்தத் தகரத்துக்கா?"

"கொஞ்ச நேரம்தான்டா."

"வெளிய வண்டி வந்து நிக்கிது. மாமா கைக்கடியாரத்தயே பாத்துக்கிட்டு இருக்காரு. ஒரு பொட்டிக்காக உம்மாவ காக்க வக்கிறியா?"

"பொட்டிக்காக இல்ல. சாச்சிக்காக." ஃபேனை விடாமல் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் ஆசையா? நீயும் நானும் காலைலேருந்து தொட்டுத் தொட்டுப் பாத்தாச்சு. அவங்க அங்க கதவச் சாத்திக்கிட்டுத் தனியா ஒக்காந்து இக்காங்கடா. நாப்பது வருசமா ஒக்காந்து இக்காங்க."

வாசலுக்கு அப்பாலிருந்து மீரா சாகிப் மாமாவின் தொண்டைச் செருமல் கேட்டது. "சேக்கு, விடு. வண்டி நிக்கட்டும். பாங்கு சொல்றதுக்குள்ள கெளம்பிடணும், அவ்வளவுதான்."

அந்துவானேத் அதற்குள் மறைந்துவிட்டாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பை நிறையப் பனிக்கட்டி. காப்பிக் கடையிலிருந்து அள்ளி வந்திருந்தாள், தண்ணீர் சொட்டியது. "இந்தா, இத அது மேல வையி. ஒரே நிமிசத்துல ஆறிடும்."

"வேணாம் தாந்த்! கிட்ட கொண்டு வராதீங்க!"

"ஏன்டி?"

"திடீர்னு குளுந்தா வேர்த்துடும். உள்ள தண்ணி கோத்துக்கும். ஒரேயடியா போயிடும். அது தானாத்தான் ஆறணும், மெதுவா."

"ட்ரோய் ஓய்! சூடும் ஆவாது, குளுரும் ஆவாது. ஒங்க உம்மா மாதிரியே வாச்சிருக்கு ஒனக்கு." பையை எடுத்துக்கொண்டு போய் வாசற்படியில் நின்ற சேக்கின் கையில் திணித்தாள். "மூஞ்சியத் தொடச்சிக்கடா. மாப்பிள்ள மாதிரி வந்தவன், பேய் மாதிரி நிக்கிற."

காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பழைய பல்துலக்கியால் விசிறியின் தூசியை இழை இழையாக வழித்தெடுத்தாள் ஹமீதுன்னிசா. பிறகு ஃபேனுக்கும் பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்து, ஹார்ட் டிஸ்க்கின் மேல் மணிக்கட்டை வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடு. எடுத்தாள். சற்றுப் பொறுத்து மறுபடி வைத்தாள். காலையில் சாம் பெண் இப்படித்தான் குவளைத் தண்ணீரை இவள் மணிக்கட்டில் கொஞ்சம் ஊற்றி, போதுமா என்று கண்ணால் கேட்டாள். சூடாகவும் இருக்கக் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது, மையத்துக்கு எல்லாம் தெரியும் என்பார்கள். போதும் என்று இவள் தலையாட்டிய பிறகுதான் உம்மாவின் தோளில் முதல் தண்ணீர் விழுந்தது. அந்த நேரத்தில் அழாதவளுக்கு இப்போது, ஒரு இரும்புத் துண்டைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அழுகை வந்துவிட்டது. அந்துவானேத் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். அவளும் அழுதாள். மூன்று பாஷையும் அவளுக்கு மறந்து போயிருந்தன.

கை தாங்கியது. ஹமீதுன்னிசா முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியை உயிர்ப்பித்தாள். திரை வெளுத்தது. மூலையில், சூடு காட்டும் சின்னக் கட்டத்தில் நாற்பத்து மூன்று என்று வந்தது. பிஸ்மி சொல்லிக் காரைக்காலைக் கூப்பிட்டாள்.

அழைப்பு மணி ஒருமுறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள் சைனம்பு. வெள்ளைத் துப்பட்டி, ஒடுங்கின கன்னம், கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் ஏற்றியிருந்தாள்.

"வந்துட்டியா புள்ளே! போயிடுவியோ?"

"போவ மாட்டேன் சாச்சி. ஃபேன் வச்சிருக்கேன். அங்க வேற யாரும் இல்லையே?"

"நானும் அல்லாவும்தான். கதவச் சாத்தி இக்கிது. காட்டு."

காமிராவைக் கழற்றி எடுத்தாள். ஒயர் கட்டையானது. எவ்வளவு இழுத்தாலும் கட்டிலின் ஓரம் வரைதான் வந்தது. அந்துவானேத் கட்டிலைத் தன் இடுப்பால் முட்டி நகர்த்தினாள், அந்த வயதில். ஹமீதுன்னிசா உம்மாவின் முகத்துக்கு மேலே காமிராவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படி நின்றால் திரை தெரியாது. சாச்சியின் குரல் மட்டும்தான் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டதோ என்று பயந்து, "சாச்சி?" என்றாள்.

"இக்கிறேன், இக்கிறேன். அசைக்காத புள்ளே." பிறகு, "லாத்தா," என்றாள் சைனம்பு, பக்கத்து அறையில் இருப்பவளைக் கூப்பிடுவது போல. "லாத்தா, நான்தான். பாத்துட்டேன்."

அதற்கு மேல் அவள் அழுவாள் என்றுதான் ஹமீதுன்னிசா நினைத்தாள். சைனம்பு அழவில்லை, கேள்வி கேட்டாள். யார் குளிப்பாட்டினது? சாம் பொம்பளைங்களா? நல்லா ஓதத் தெரிஞ்சவங்களா? தண்ணி பதமா இருந்திச்சா? எலந்த எல போட்டீங்களா? சூடம் எங்கெங்க வச்சீங்க? எல்லாவற்றுக்கும் இவள் பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்கும் அங்கே "ம், ம்" என்று கேட்டது.

"தூக்கிட்டுப் போற சந்தூக்கு மேல எதப் போத்துறீங்க?"

"பள்ளிலேருந்து ஒரு துணி வந்திருக்கு சாச்சி."

"நா அனுப்புன பச்ச இக்கிதுல்ல?"

"இக்கிது."

"அதப் போத்தச் சொல்லு. நா வந்து ஒரு புடி மண்ணு போட மாட்டேன். அந்தத் துணியாச்சும் கூடப் போவட்டும்."

"சரி சாச்சி." கை வலித்தது. மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளே, லாத்தா நெத்தி என்னா மினுமினுங்குது? ஈரமா இக்கிதா?"

ஹமீதுன்னிசா குனிந்து பார்த்தாள். குளிப்பாட்டின ஈரமோ, அறையின் ஆவியோ, புருவத்துக்கு மேலே இரண்டு துளி இருந்தது. துப்பட்டாவின் நுனியால் ஒற்றி எடுத்தாள்.

"ஃபேனு சத்தம் கேக்குதே. காத்து அந்தப் பக்கம் வரலியா?"

"ஃபேன் பொட்டிக்கு ஓடுது சாச்சி. ஒண்ணுதான் இக்கிது. அதத் திருப்புனா பொட்டி சூடாயி நின்னுடும். நீங்க போயிடுவீங்க."

முதுகுக்குப் பின்னால் ஜெனரேட்டரும் ஃபேனும்தான் கேட்டன. அந்துவானேத் ஹமீதுன்னிசாவைப் பார்த்தாள். வாசலில் சேக் வேறு பக்கம் திரும்பி நின்றான்.

"திருப்பு," என்றாள் சைனம்பு.

"சாச்சி, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. பாங்கு சொல்லல."

"திருப்பு புள்ளே. லாத்தாக்குப் புழுக்கம் ஆவாது. எனக்கு அம்ம போட்டப்ப ராவெல்லாம் வேப்பங்கொத்தால வீசிக்கிட்டே ஒக்காந்து இருந்திச்சு. அது காத்த வாங்கிக்கிட்டு நா பாக்கணுமா? எனக்குப் போதும்."

ஹமீதுன்னிசா அசையவில்லை. அவளால் முடியவில்லை. அந்துவானேத்தான் எழுந்துபோய் ஃபேனைத் தூக்கி, கட்டிலுக்கு நேரே திருப்பி வைத்தாள். கபன் துணியின் ஓரம் படபடத்தது. அவளே வந்து காமிராவை வாங்கிக்கொண்டு, "நீ போயி அவள ஒரு தரம் பாரு. நா புடிக்கிறேன்," என்றாள்.

திரைக்கு முன் வந்து நின்றாள் ஹமீதுன்னிசா. சாச்சி முகத்தைத் திரைக்கு வெகு பக்கத்தில் கொண்டு வந்திருந்தாள். நெற்றியிலிருந்து உதடு வரைதான் தெரிந்தது. சின்னக் கட்டத்தில் நாற்பத்தொன்பது. சாச்சி குர்ஆனின் யாசீன் ஓதிக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு. சத்தமில்லாமல், உதடு மட்டும் அசையும்படி. ஐம்பத்தைந்து. நடுவில் நிறுத்தி, "காத்து வருதா லாத்தா?" என்று கேட்டாள். கட்டிலில் மதார் பீவியின் நெற்றியோரத்து நரைமுடி ஒன்று, கபனுக்கு வெளியே தப்பி வந்து, காற்றில் எழுந்து எழுந்து படிந்தது. சாச்சி அதைப் பார்த்திருக்க வேண்டும். சிரித்தாள். கையைத் தூக்கித் திரையைத் தொடுவதற்கு நீட்டினாள். விரித்த உள்ளங்கை திரை நிறைய வந்தது, அதில் ரேகைகள் கூடத் தெரிந்தன. அப்படியே நின்றுவிட்டது.

ஹமீதுன்னிசா தன் கையை அதன் மேல் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் திரை கறுத்தது.

"போயிட்டாளா?" என்றாள் அந்துவானேத், காமிராவை இன்னும் அசைக்காமல் பிடித்துக்கொண்டு.

"ம்."

"மாமாவக் கூப்புடட்டா?" என்று கேட்டான் சேக்.

"இரு." பெட்டிக்குப் பக்கத்தில் சுருட்டிக் கிடந்த பச்சைத் துணியை எடுத்தாள். கொல்லைப்பக்கம் கொண்டுபோய் உதறினாள். தூசி மேகமாகக் கிளம்பியது. மறுபடி உதறினாள். சாம் பெண்கள் முகத்தை மூடி, தலைமாட்டு முடிச்சைக் கட்டினார்கள். ஆண்கள் வந்து சந்தூக்கில் வைத்தார்கள். மீரா சாகிப் மாமா பள்ளித் துணியை விரிக்கப் போனபோது, ஹமீதுன்னிசா பச்சையை நீட்டினாள். அவர் வாங்கி விரித்தார். சந்தூக்குக்கு அது அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. கலிமா சொல்லிக்கொண்டே தூக்கினார்கள். சந்தின் இருபக்கமும் காப்பிக் கடைக்காரனும், நூடுல்ஸ் விற்பவளும், மோட்டார் சைக்கிள் வாடகைக்காரனும் எழுந்து நின்றார்கள். டோங் டு பக்கம் வண்டி திரும்பும் வரை சரிகைக் கரை வெயிலில் மின்னியது.

சேக் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. செருப்பில் செம்மண். அந்துவானேத் தன் வீட்டிலிருந்து கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து வைத்திருந்தாள், குடிக்காவிட்டால் உதைப்பேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தாள். காரைக்காலுக்குப் போனில் சொல்லியாயிற்று. நல்லபடியாக அடங்கியது, மண் ஈரமாக இருந்தது, நிழலான இடம் என்று சேக் சொன்னான். சாச்சி எல்லாவற்றுக்கும் "ம், ம்" என்றாளாம்.

மின்சாரம் வந்தது. வீட்டில் எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் எரிந்தன. ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கி, காலிக் கட்டிலுக்குக் காற்று வீசியது. யாரும் அதை நிறுத்தவில்லை.

சேக் மடித்து எடுத்து வந்திருந்த பச்சைத் துணியைக் கொடுத்தான். கபுர்க் குழியடியில் சந்தூக்கிலிருந்து எடுத்துத் தந்தார்களாம். ஒரு மூலையில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. ஹமீதுன்னிசா அதைத் தட்டிவிடவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். தகட்டைப் பொருத்தி, கத்தி முனையால் திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள். பொத்தானை அழுத்திப் பார்க்கவில்லை. பெட்டியின் தலைமேல் உள்ளங்கையை வைத்தாள். சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

பிறகு துணியை விரித்து, தலை முதல் கால் வரை இழுத்துப் போர்த்தினாள்.

"லாத்தா," என்றான் சேக். "அதப் போத்தக் கூடாதுன்னு நீதானே சண்ட போடுவே?"

"இப்பப் போத்தலாம்," என்றாள் ஹமீதுன்னிசா. "ஆறிடுச்சு."

குனிந்து, துணியின் இரண்டு முனைகளையும் பெட்டிக்கு அடியில் செருகினாள்.